சனிக்கிழமை திருத்திய கோப்பு

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணிக்கு,

சின்னவன் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே கசக்கி எறிந்துவிடாதீர்கள், ஒரு பக்கமாவது படியுங்கள். ஏழு மாதமாக உங்கள் போனில் என் எண் நுழைவதில்லை. நேரில் வந்து நிற்க முகமில்லை. மின்னஞ்சல் என்றால் திறக்காமலே அழித்துவிடலாம், அதை உங்களுக்குக் கற்றுக்கொடுத்தவனே நான்தான். ஆகவே பேனா. கடைசியாக நான் பேனா பிடித்தது பாப்பாவின் பள்ளி விண்ணப்பத்துக்கு. அதில் அப்பா பெயருக்கு நேரே ஒரு அடித்தல்.

நீங்கள் மருந்துக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்திருப்பதாக அண்ணன் சொன்னார். இதை அங்கேயே அனுப்புகிறேன். வீட்டுக்கு அனுப்பினால் அண்ணன் பிரித்துவிடுவார்.

இங்கே ஆஸ்பத்திரியில் எல்லாம் வழக்கம்போல. லேபில் உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் பெண் நல்ல மாதிரி. ஆனால் ஊசி குத்தும்போது நோயாளி கண்ணை மூடுமுன் அவள் மூடிக்கொள்கிறாள். நெட்டை நர்ஸ் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "உங்க அண்ணி எப்படி இருக்காங்க?" என்று கேட்கிறாள். "நல்லா இருக்காங்க" என்று சொல்லிவிட்டு, லிப்டுக்குக் காத்திராமல் படியில் இறங்கிவிடுகிறேன்.

போன வாரம் அந்தப் பேருந்து ஓட்டுநர் வந்திருந்தார். கையில் தடி. இனி வண்டி ஓட்டக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். என் கழுத்து அட்டையைப் படித்துவிட்டு, "தம்பி, கம்ப்யூட்டர் எல்லாம் பாக்கறது நீங்கதானா? அன்னைக்கு அது ஏன் சத்தம் போடல?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

மார்ச் 28 அன்று மருத்துவப் பணியாளர் கவுன்சிலில் உங்களுக்கு விசாரணை என்று கேள்விப்பட்டேன். உரிமத்தைப் பறித்துவிட்டால் இனி எந்த லேபிலும் நீங்கள் கால் வைக்க முடியாது என்பதும் தெரியும். என்னால் ஆகவேண்டியது ஏதாவது இருந்தால் தயங்காமல் எழுதுங்கள். நடந்ததற்கெல்லாம் மனதார வருந்துகிறேன்.

சின்னவன்


பிப்ரவரி 11

சின்னவருக்கு,

கடிதம் கிடைத்தது. கிடங்கு மேலாளர் நாலு பேர் பார்க்க அதைத் தூக்கிக் காட்டி, "உங்களுக்கு லெட்டர்மா. இந்தக் காலத்துல யாரும்மா இது?" என்றார். கணவரின் தம்பி என்றேன். "பாசக்காரத் தம்பியா இருக்காரே" என்றார். சிரித்து வைத்தேன்.

ஒரு பக்கம் படிக்கச் சொன்னீர்கள். முழுவதையும் மூன்று தடவை படித்தேன். புதுப் பெண்ணின் கண், நெட்டை நர்ஸ், லிப்ட், படி, எல்லாம் இருக்கிறது. விஷயத்தை மட்டும் காணோம். வருந்துகிறேன் என்கிறீர்களே, எதற்கு? பக்கத்து வீட்டுத் துக்கத்துக்குச் சொல்வதுபோல் பொத்தாம்பொதுவாக ஒரு வருத்தம்.

வீட்டுக்கு அனுப்பினால் அண்ணன் பிரித்துவிடுவார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பிரிக்கட்டுமே. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே? அவர் படிக்கக்கூடாதது இதில் என்ன இருக்கிறது? அந்த ஒரு வரி உறுத்தியதால்தான் பதில் எழுதுகிறேன், இல்லாவிட்டால் எழுதியிருக்க மாட்டேன்.

நடந்ததை நானும் ஒருமுறை எழுதிவிடுகிறேன், பிறகு பேச்சு மாறக்கூடாது. ஓட்டுநரின் இரத்தத்தில் பொட்டாசியம் 7.1. ஆறைத் தாண்டினால் கணினி அந்த வரியைச் சிவப்பாக்கி மணி அடிக்க வேண்டும். அடிக்கவில்லை. காலை பத்து மணிக்கு வந்த முடிவு சாயங்காலம் வரை யாரையும் கூப்பிடவில்லை. நாலரை மணிக்கு வார்டு வராந்தாவில் அவர் இதயம் நின்றது. பெரிய டாக்டர் ஓடி வந்ததால் பிழைத்தார். மணி ஏன் அடிக்கவில்லை என்று தேடினால், மூன்று நாள் முன்பு, சனிக்கிழமை, எல்லை அளவு எழுதிய கோப்பில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். யார் என்று ஆஸ்பத்திரி அமைத்த கமிட்டி கேட்டது. ஆஸ்பத்திரியின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவர் என்ற முறையில் நீங்கள் எழுந்து பதிவைப் படித்தீர்கள். சனிக்கிழமை, மதியம் 1.10, என் லாகின். ஒரு எழுத்து தடுமாறவில்லை. நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

நான் அந்தக் கோப்பைத் திறந்ததே இல்லை. அது எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. கமிட்டியிலும் அதைத்தான் சொன்னேன். ஆனால் இரண்டு மாதம் போனதும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மேஜையைத் துடைக்கும்போது எதையாவது அழுத்தித் தொலைத்திருப்பேனோ? பதினெட்டு வருஷம் லேபில் நடுங்காத கை. இப்போது ஒரு அட்டைப்பெட்டிக்கு லேபிள் ஒட்டிவிட்டு மூன்று தடவை திரும்பிப் போய்ப் பார்க்கிறது. வீட்டைப் பூட்டித் தெருமுனை வரை வந்து, கேஸை மூடினேனா என்று மறுபடி ஓடுகிறேன். எனக்குப் புத்தி பிசகிக்கொண்டு வருகிறதோ என்று பயமாக இருக்கிறது.

உங்களுக்கு ஏதாவது தெரிந்தால் எழுதுங்கள். தெரியாவிட்டால் இனி எழுத வேண்டாம்.

அண்ணி


பிப்ரவரி 19

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் புத்தி பிசகவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஆஸ்பத்திரியில் மூன்று விதக் கணினிகள் இருப்பது உங்களுக்குத் தெரியும். வரவேற்பிலும் உங்கள் மேஜையிலும் விண்டோஸ். இரத்தப் பரிசோதனை இயந்திரத்தோடு சேர்ந்து வந்தது லினக்ஸ். பெரிய டாக்டர் அறையில் மேக். மூன்றும் மூன்று மாமியார். ஒரே காபிதான், ஆனால் ஒருத்திக்குச் சர்க்கரையை முன்னால் போட வேண்டும், ஒருத்திக்குப் பின்னால், மூன்றாவது ஆளுக்கு டம்ளரே வேறு. பொட்டாசியத்துக்கு எல்லை எவ்வளவு, சோடியத்துக்கு எவ்வளவு என்ற அமைப்புகள் மூன்றிலும் அச்சாக ஒன்றாக இருக்க வேண்டும். ஆனால் கோப்பை வைக்கும் இடம் ஒவ்வொன்றிலும் வேறு. ஒரு வரியை முடிக்கும் விதம்கூட வேறு. விண்டோஸ் ஒவ்வொரு வரிக்கும் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியைக் கூடுதலாக வைக்கும். லினக்ஸுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

இதற்காகத்தான் தாய்க் கோப்பு என்று ஒன்றை வைத்தேன். எதை மாற்றினாலும் அதில்தான் மாற்ற வேண்டும். அதிலிருந்து ஒவ்வொரு கணினிக்கும் ஏற்றபடி நகல் எடுத்து அனுப்ப ஒரு நிரல் இருக்கிறது. "இங்கே திருத்தாதே, தாயிடம் போ" என்று எல்லா மானிட்டரிலும் நான் சீட்டு ஒட்டியது ஞாபகம் இருக்கும். அதைப் படித்துவிட்டு, "முதல்ல நீ உங்க அம்மாவுக்கு மாசத்துக்கு ஒரு போனாவது போடு" என்றீர்கள். லேபே சிரித்தது.

அந்தச் சனிக்கிழமை, விண்டோஸுக்கான நகல் ஒன்று லினக்ஸ் கணினிக்குள் போய்விட்டது. 6.0 என்ற எண்ணுக்குப் பின்னால் அந்தக் குறி ஒட்டிக்கொண்டிருந்ததால் இயந்திரத்துக்கு அது எண்ணாகவே தெரியவில்லை. எல்லை எதுவும் இல்லை என்று எடுத்துக்கொண்டது. சிவப்பாக்குவதும் மணி அடிப்பதும் அந்த லினக்ஸ்தான்; அதற்கு எல்லை இல்லாவிட்டால் உங்கள் மேஜையிலும் சிவப்பு இல்லை, மணியும் இல்லை. திறந்து பார்க்கிற மனிதனுக்கு 6.0 என்று நன்றாகத்தான் தெரியும்.

ஆக, மேஜையைத் துடைத்தெல்லாம் இப்படி ஆகவே ஆகாது. இதை நம்புங்கள். கேஸைப் பார்க்கத் திரும்பி ஓடாதீர்கள்.

சின்னவன்


பிப்ரவரி 26

தம்பி,

போய்விட்டதாம்! அதற்கென்ன, கால் முளைத்ததா?

மாமியார் கதையைப் படித்துச் சிரித்துவிட்டேன். சிரித்ததற்காக என்மேலேயே எரிச்சலாக வந்தது. நீ எப்போதும் இப்படித்தான், ஆளைச் சிரிக்க வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாக நழுவுவாய். போன கடிதத்தில் நீங்கள் என்று எழுதினேன். இந்தக் கோபத்துக்கு அந்த மரியாதை தாங்கவில்லை.

துடைத்து ஆகாது என்றால் யாரோ உட்கார்ந்து செய்திருக்கிறார்கள். என் மேஜையில், என் லாகினில். அந்த லேபில் கோப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர் எத்தனை பேர்? எனக்கு எண்ணத் தெரியும். ஆனால் என் வாயால் அதைச் சொல்ல மாட்டேன்.

இரண்டு பக்கம் விளக்கம் வேண்டாம். யார் கை என்று எழுது.


மார்ச் 6

அண்ணி,

என் கை.

இதை எழுத எட்டு நாள் ஆயிற்று. முன்னால் எழுதிய தாள்களையெல்லாம் கிழித்துவிட்டேன், எல்லாவற்றிலும் அந்த இரண்டு வார்த்தையும் மூன்றாம் பக்கத்தில் இருந்தன.

அன்று பன்னிரண்டரைக்குப் பெரிய டாக்டர் கூப்பிட்டார். பொட்டாசியம் எல்லையை 6.5-லிருந்து 6.0 ஆக்க வேண்டும், இன்றைக்கே, என்றார். முறைப்படி செய்தால் தாய்க் கோப்பில் மாற்றி, மூன்று கணினியிலும் சோதித்து அனுப்ப முக்கால் மணி நேரமாவது ஆகும். இரண்டு மணிக்குப் பாப்பாவின் பள்ளியில் நாடகம். அவளுக்கு அதில் மரம் வேஷம். வசனம் கிடையாது. நான் போகாவிட்டாலும் மரம் நின்றிருக்கும், அண்ணி.

உங்கள் மேஜைக்கு வந்து, "அண்ணி, ரெண்டு நிமிஷம் எந்திரிங்க" என்றேன். நீங்கள் லாகினை மூடப் போனீர்கள். "இருக்கட்டும் இருக்கட்டும், மறுபடி போட்டுக்கிட்டு இருக்கணும்" என்று தடுத்தேன். யார் எழுந்தாலும் லாகினை மூட வேண்டும் என்று ஆஸ்பத்திரி முழுக்க வகுப்பு எடுத்தவன் நான். நீங்கள் எனக்கு டீ வாங்கப் போனீர்கள். எதையாவது சரிபார்க்க வாரம் நாலு தடவை அங்கே வந்து உட்காருகிறவன் நான், அதனால் அந்த நாள் உங்கள் நினைவில் தனியாக நிற்கவில்லை. உங்கள் கணினியில் இருந்த விண்டோஸ் நகலில் 6.5-ஐ 6.0 ஆக்கினேன். அதையே எடுத்து லினக்ஸ் கணினியிலும் ஒட்டினேன். மேலே ஒரு குறிப்பும் எழுதினேன்: தற்காலிகம், திங்கள் சரிசெய்ய. எங்கள் தொழிலில் எல்லோரும் இப்படி எழுதுவோம். திங்கள் வந்தது. எனக்கு அது நினைவுக்கே வரவில்லை.

செவ்வாய்க்கிழமை ஓட்டுநரைத் தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோன பிறகு, ஆறு மணிக்கு அந்தக் கோப்பைத் திறந்தேன். ஐந்து நிமிஷத்தில் புரிந்துவிட்டது. அப்போதே பெரிய டாக்டர் அறைக்குப் போயிருக்கலாம், நாற்பது அடி தூரம். போகவில்லை. தாய்க் கோப்பில் 6.0 போட்டு முறைப்படி எல்லாவற்றுக்கும் அனுப்பினேன். நல்ல நகல் வந்து கெட்ட நகலை அழித்தது. என் குறிப்பும் அதோடு போயிற்று. மிஞ்சியது பதிவில் உங்கள் லாகின் மட்டும்.

கமிட்டியில் நான் படித்ததில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதை நினைத்தால்தான் கூச்சத்தில் உடம்பு சுருங்குகிறது. பொய் சொல்லியிருந்தால்கூட இத்தனை கேவலமாக இருந்திருக்காது.

ஒன்று இருக்கிறது. வாரா வாரம் திங்கட்கிழமை எல்லாக் கோப்புகளையும் ஒரு வட்டில் நகலெடுத்து வைப்பேன். அந்தத் திங்கட்கிழமை வட்டில் கெட்ட கோப்பு அப்படியே இருக்கிறது, என் குறிப்போடு. அழிக்கவும் மனம் வரவில்லை, காட்டவும் துணிச்சல் இல்லை. அலமாரியில் பழைய சட்டைகளுக்கு அடியில் கிடக்கிறது.

சொன்னால் வேலை போகும். இனி எந்த ஆஸ்பத்திரியும் என்னைச் சேர்க்காது. வீட்டில் அவளுக்கு இன்னும் தெரியாது. என்ன செய்யட்டும் அண்ணி? நீங்கள் சொல்லிவிடு என்றால் சொல்லிவிடுகிறேன்.

சின்னவன்


மார்ச் 13

தம்பி,

கிடங்குக்குப் பின்னால் காலிப் பெட்டிகள் அடுக்கியிருக்கும் இடத்தில் நின்று பிரித்தேன். முதல் இரண்டு வார்த்தை படித்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழுகை என்றால் அப்படி ஒரு அழுகை. உன்மேல் கோபத்தில் இல்லை, கோபம் அப்புறம்தான் வந்தது. என் கை இல்லை, என் கை இல்லை என்று சொல்லிச் சொல்லி அழுதேன். லேபிள் ஒட்டுகிற பெண் ஓடி வந்து, "யாருக்கு என்னக்கா ஆச்சு?" என்று கேட்டாள். நல்ல சேதிதான் என்றேன். பைத்தியம் என்று நினைத்திருப்பாள்.

அப்புறம் கடைசி வரிக்கு வந்தேன். என்ன செய்யட்டும் என்று என்னிடம் கேட்கிறாயே, வெட்கமாக இல்லை? எழுந்திரு என்றாய், எழுந்தேன். லாகின் இருக்கட்டும் என்றாய், விட்டேன். இப்போது உன் மனசாட்சிக்கும் நான்தான் லாகின் போட வேண்டுமா? வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். நாளைக்கு, அண்ணி சொன்னதால் செய்தேன் என்று ஒரு பேச்சு வரக்கூடாது.

என் பங்குக்கும் ஒரு அசிங்கம் இருக்கிறது. அன்று காலை நூற்று அறுபது முடிவுகள். ஒவ்வொன்றையும் படித்துத்தான் ஒப்புதல் கொடுக்க வேண்டும் என்பது விதி. யாரும் படிப்பதில்லை. சிவப்பு இருக்கிறதா என்று பார்ப்போம், இல்லாவிட்டால் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே அழுத்து. அந்த 7.1 என் கண்ணுக்கு முன்னால் கறுப்பு எழுத்தில் ஓடியிருக்கிறது, நான் அதை அனுப்பி வைத்திருக்கிறேன். கமிட்டியில் இதை யாரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. கவுன்சிலில் இதைச் சொல்லப்போகிறேன், கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

இனி உன் அண்ணன் விஷயம். கமிட்டி முடிந்த அன்று உன்னை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய், "அவ பண்ணவே இல்லன்னு சொல்றாடா. வேற ஏதாவது நடந்திருக்குமா?" என்று கேட்டாராம். நீ, "சிஸ்டம் பொய் சொல்லாதுண்ணா. அண்ணி வேலை டென்ஷன்ல இருந்திருப்பாங்க, நீங்க ஒண்ணும் கேக்காதீங்க" என்றாயாம். தம்பி உன்னைப் பற்றி எவ்வளவு அக்கறையாகப் பேசினான் பார் என்று என்னிடமே வந்து பெருமையாகச் சொன்னார்.

அன்றிலிருந்து எட்டு மாதமாக உன் அண்ணன் என்னை மன்னித்துக்கொண்டே இருக்கிறார். தப்பு யாருக்கும் வரும், விடு என்கிறார். குழம்பில் உப்பு கூடினால் வாய் திறக்காமல் சாப்பிடுகிறார். முன்பெல்லாம், "இதை மனுஷன் தின்பானா" என்று தட்டைத் தள்ளுவார், நானும் பதிலுக்கு நாலு கொடுப்பேன். அந்தத் தட்டைத் தள்ளுகிற மனுஷன் எனக்குத் திரும்ப வேண்டும். செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்கிச் சாப்பிடுவது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியுமா?

அண்ணி


மார்ச் 20

அன்புள்ள அண்ணிக்கு,

கவுன்சிலுக்கு என் வாக்குமூலத்தையும் வட்டையும் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளரிடமும் ஒரு நகல் கொடுத்தேன். அவர் நின்றுகொண்டே படித்தார், என்னை உட்காரச் சொல்லவில்லை. கழுத்து அட்டையைக் கழற்றி மேஜையில் வைக்கச் சொன்னார். அதன் நாடா தலையில் மாட்டிக்கொண்டது. அவருக்கு எதிரில் காதோடு அதை இழுத்துக்கொண்டு நின்றேன்.

வீட்டில் சொன்னேன். அவள் துணியை மடித்து முடித்தாள். பிறகு, "அண்ணி உனக்கு டீ வாங்கிட்டு வந்தாங்களா, அன்னைக்கு?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசுவதில்லை. பாப்பா, அப்பாவுக்கு லீவா என்று சந்தோஷப்படுகிறாள்.

ஒன்றுதான் முடியவில்லை. அண்ணனுக்கு மூன்று தடவை போன் போட்டேன். "சொல்லுடா" என்கிறார். முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். தன் பைக்கை விற்று எனக்கு முதல் கணினி வாங்கிக் கொடுத்தவர் அவர். இரண்டு வருஷம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போனார். அவரிடம் மட்டும் எனக்கு வாய் எழவில்லை. நீங்களே சொல்லிவிடுங்கள், அண்ணி. கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

சின்னவன்


ஏப்ரல் 1

தம்பி,

நான் சொல்லவில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்துவிட்டது. விசாரணைக்கு என்னோடு வந்து பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார். உன் வாக்குமூலத்தை முழுவதும் சத்தமாகப் படித்தார்கள்.

மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இவர் உங்களுக்கு என்ன வேணும்?" என்றார். கணவரின் தம்பி என்றேன். "அப்ப உங்களைக் காப்பாத்த எழுதிக் கொடுத்திருக்கலாமே?" என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நீ என்னைக் காப்பாற்றியதாக ஒரு சந்தேகம்! பிறகு வட்டைப் போட்டுப் பார்த்தார்கள். தற்காலிகம், திங்கள் சரிசெய்ய. அதைப் படித்ததும் ஓரத்தில் இருந்த இளைஞர் தலையைக் குனிந்துகொண்டு லேசாகச் சிரித்தார், அவரும் உன் தொழில் தெரிந்தவர் போல. அதோடு சந்தேகம் தீர்ந்தது. ஒப்புதல் கொடுத்த விஷயத்தை நானே சொன்னேன். எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார்கள், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். அது எனக்கு வரவேண்டியதுதான். உரிமத்தைப் பறிக்கவில்லை.

வெளியே வந்தோம். பத்துப் படி இருக்கும். கீழே இறங்குவதற்குள் உன் அண்ணன், "பாவம்டி அவன், எவ்வளவு பயந்துபோயிருப்பான்" என்றார். வேலையும் போச்சே, கொஞ்ச நாள் நம்மோடு வந்து இருக்கச் சொல்வோமா என்றார். பத்துப் படிக்குள் உன்னை மன்னித்துவிட்டார். பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு அப்பவே தெரியும், நீ பண்ணியிருக்க மாட்டேன்னு" என்றார்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். உன்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த நிமிஷம் அவர்மேல் போய்விட்டது. இன்னும் இறங்கவில்லை. அவர் சாப்பிடக் கூப்பிட்டாலும் அப்புறம் என்கிறேன்.

உன் வாக்குமூலத்தில் ஒரு இடத்தை நான் கவனித்தேன். "இத்தவறு பின்னர் எனக்குத் தெரியவந்தது" என்று எழுதியிருக்கிறாய். பின்னர் என்றால் என்றைக்கு? செவ்வாய்க்கிழமை ஆறு மணி என்று எனக்கு எழுதினாயே, அங்கே ஏன் எழுதவில்லை? கவுன்சில் அதைக் கேட்கவில்லை. உன் அண்ணனும் கேட்கவில்லை. மொட்டை மாடியில் உன்னிடம் கேட்டபோது உனக்கும் ஒன்றும் தெரியாது, பிறகு தெரிந்து தவித்துப்போனாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அதனால்தான் உன்மேல் அந்தப் பாவம் பரிதாபமெல்லாம்.

ஞாயிற்றுக்கிழமை வா. அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல். நான் சமையலறையில் இருப்பேன், கதவைச் சாத்த மாட்டேன்.

அண்ணி


ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணிக்கு,

ஞாயிற்றுக்கிழமை பேசியதைச் சமையலறையிலிருந்து நீங்கள் கேட்டிருப்பீர்கள். இருந்தாலும் உங்களுக்குத் தெரியாதது கொஞ்சம் இருக்கிறது, நீங்கள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் வந்ததும் முதுகில் தட்டி உட்கார வைத்தார். வேலை போனால் என்ன, கை இருக்கிறது, தொழில் இருக்கிறது என்றார். நான் உட்காராமல் நின்றேன். "அண்ணா, மாடியில நீங்க கேட்டீங்கல்ல, அப்பவே எனக்குத் தெரியும்" என்றேன். அவருக்கு முதலில் புரியவில்லை. சிரித்த முகம் அப்படியே இருந்தது. "எப்பவே?" என்றார். "நீங்க கேட்டப்பவே. அதுக்கு முன்னாடியே. தெரிஞ்சுதான் அண்ணி மேல சொன்னேன்" என்றேன்.

அடிப்பார் என்று நினைத்துக் கன்னத்தைக் கெட்டியாக வைத்துக்கொண்டேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என்னைத் திட்டக்கூட இல்லை. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஒன்பது மாசம்டா. அவகிட்ட நான் என்னென்ன பேசியிருக்கேன்" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, உங்கள் பக்கம் நடந்தார். கதவருகில் வந்ததும் நின்றுவிட்டார். உள்ளே வரலாமா என்று கேட்பவர்போல் நின்றார், தன் வீட்டில்.

அதற்கு மேல் அங்கே நிற்க எனக்கு யோக்கியதை இல்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

கவுன்சிலுக்கு இன்னொரு கடிதம் போட்டுவிட்டேன். பின்னர் என்பதை அடித்துவிட்டுச் செவ்வாய்க்கிழமை, மாலை ஆறு மணி என்று எழுதியிருக்கிறேன்.

அவர் உள்ளே வந்து உங்களிடம் என்ன சொன்னார் என்று எனக்கு எழுத வேண்டாம்.

சின்னவன்